பற்ற வைக்காமல் பார்ப்பது

எங்கள் ஊர்ப் பட்டாசு ஆபீஸில் மருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதிலிருந்து இறங்கும் கம்பி மண்ணுக்குள் போய்விடும். உள்ளே நுழைகிறவர் முதலில் அந்தத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுக்க வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். அப்பா அங்கே போர்மேனாக இருந்தார். பள்ளி லீவில் அவருக்குச் சோறு கொண்டுபோனால் எனக்குக் கேட்டோடு சரி, உள்ளே விடமாட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆட்கள் அறைகளுக்குத் திரும்பும்போது அவர் குரல் கேட் வரைக்கும் வரும்: "ஸ்டாட்டிக் எறக்கியாச்சா?" ஆங்கிலச் சொல் என்று தெரியாமலே அது என் காதில் ஏறிவிட்டது.

இருபத்திரண்டு வருஷமாகச் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில், நான் பார்க்கும் வேலைக்கும் அதே சொல்தான் முன்னால் நிற்கிறது. ஸ்டாட்டிக் அனாலிசிஸ். சி மொழியில் எழுதிய நிரலை ஓட்டாமல், எழுத்தாகக் கிடக்கும் நிலையிலேயே படித்து, வெளியாள் உள்ளே புக எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. படிப்பது பெரும்பாலும் இன்னொரு நிரல். அது எழுப்பும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வது என் போன்றவர்கள். கார், லாரிகளுக்குள் ஓடும் நிரல்கள்தான் எங்கள் மேசைக்கு அதிகம் வரும்.

வேலையில் சேர்ந்த புதிதில் இதை அப்பாவிடம் விளக்கப் பார்த்தேன். "ஓட்டிப் பாக்காமலே எப்படித் தாயி தப்புன்னு சொல்லுவ?" என்று கேட்டார். நான் பதிலுக்குச் சொல் தேடிக்கொண்டிருக்கும்போதே அவரே சொன்னார்: "நாங்க மட்டும் பத்த வெச்சா பாக்குறோம்?"

அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வெடியைத் திடலுக்கு எடுத்துப்போய் வெடித்துப் பார்க்கலாம். மருந்து அறையை அப்படிப் பார்க்க முடியாது. அதை வெடிக்காத நிலையில்தான் படிக்க வேண்டும். அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கிறார்களா, இரும்புச் சாமான் ஏதாவது உள்ளே வந்திருக்கிறதா, யாராவது நைலான் சேலையில் வந்திருக்கிறார்களா, நேற்றுக் கலந்த மருந்து மீந்துபோய் ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கிறதா? அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் தானாகவே சூடு பிடிக்கும். திங்கட்கிழமை காலையில் அப்பா வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்பியது அதனால்தான்.

ஏழாயிரம்பண்ணை சாத்தூருக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே கரிசல் மண்ணில் இருக்கிற ஊர். ஒரு காலத்தில் பாளையம். 1799-இல் கட்டபொம்மன் பக்கம் நின்றதற்காகக் கம்பெனியார் பறித்துக்கொண்ட பாளையங்களில் இதுவும் ஒன்று. இன்று ஊரைச் சுற்றித் தீப்பெட்டி ஆபீஸ்களும் பட்டாசு ஆபீஸ்களும். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினார். அவர்கள் இருவரின் தொழிலுக்கும் வரலாறு எழுதியவர்கள் இருக்கிறார்கள். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போன கதையைச் சிவகாசிப் பக்கம் எந்தப் பிள்ளையும் சொல்லும். என் தொழிலின் வரலாற்றைத் தமிழில் நான் எங்கும் படித்ததில்லை. அதை எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

சி மொழி பிறந்தது 1972 வாக்கில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில். உருவாக்கியவர் டென்னிஸ் ரிச்சி. அப்போதைய கணினியின் நினைவகம் இன்றைய ஒரு புகைப்படத்துக்குக்கூடக் காணாது. அதனால் மொழியைச் சிக்கனமாகக் கட்டினார்கள். ஓர் இடத்தில் எத்தனை எழுத்து கொள்ளும் என்பதை அந்த இடம் நினைவு வைத்திருக்காது. 64 எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு 80 எழுத்தைக் கொட்டினால் சி தடுக்காது, மீதி 16 பக்கத்து இடத்தில் போய் விழும். அந்தப் பக்கத்து இடத்தில், 'இந்த வேலை முடிந்ததும் இங்கே திரும்பிப் போ' என்ற முகவரி இருக்கலாம். அப்போது வெளியாள் அனுப்பிய எழுத்துகளே முகவரியாகிவிடும். கணினி அவன் சொன்ன இடத்துக்குப் போகும். என் தொழில் இருப்பதற்கு முதல் காரணம் இந்த ஒரு குறைதான். ஐம்பது வருஷம் கழித்தும் அது தீரவில்லை.

முதல் கருவி லின்ட். எழுதியவர் ஸ்டீபன் ஜான்சன், அதே பெல் ஆய்வுக்கூடத்துக்காரர். அதைப் பற்றிய அவருடைய அறிக்கை 1978-இல் வந்தது. துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுப் பிசிறுக்கு ஆங்கிலத்தில் லின்ட் என்று பெயர், அந்தப் பிசிறைப் பொறுக்கி எடுக்கிற கருவிக்கும் அதையே வைத்தார். நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரே இதைச் செய்திருக்கலாம். ஆனால் கம்பைலருக்கு அப்போது முதல் கடமை வேகம். அதனால் சந்தேகப்படும் வேலையைப் பிரித்துத் தனி ஆளிடம் கொடுத்தார்கள். வகை மாறிப்போன மதிப்புகள், மதிப்பு வைப்பதற்கு முன்பே எடுத்துப் பயன்படுத்திய மாறிகள், எந்த வழியிலும் போய்ச் சேர முடியாத வரிகள் என்று லின்ட் பட்டியல் போட்டுக் கொடுக்கும்.

லின்ட்டில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. அதை வாயடைக்கும் வழியையும் ஜான்சன் அப்போதே வைத்திருந்தார். நிரலுக்குள் ஒரு குறிப்பு எழுதலாம். 'நாட்ரீச்ட்' என்று எழுதினால், இந்த இடத்துக்கு ஓட்டம் வராது என்பது எனக்குத் தெரியும், நீ பேசாதே என்று பொருள். 'ஆர்க்ஸ்யூஸ்ட்' என்று எழுதினால், இந்தச் செயற்கூறுக்கு, அதாவது நிரலின் இந்தத் தனித் துண்டுக்கு, தரும் மதிப்புகளைப் பயன்படுத்தாமல் விட்டிருப்பது தெரிந்தேதான் என்று பொருள். நியாயமான ஏற்பாடு. எழுதியவருக்குத் தெரிந்த சில விஷயங்கள் கருவிக்குத் தெரியாதுதான். ஆனால் எச்சரிக்கையும் அதை அடக்கும் உரிமையும் ஒரே நாளில் பிறந்தன என்பதை நான் மறப்பதில்லை. இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த இரண்டுக்கும் இடையே நடந்த இழுபறிதான்.

1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் அவிழ்த்துவிட்ட ஒரு புழு இணையத்தில் பரவியது. அன்றைய இணையத்தில் சுமார் 60,000 கணினிகள், அவற்றில் 6,000 வரை அது தொற்றியதாக மதிப்பிட்டார்கள். அது புகுந்த வழிகளில் ஒன்று ஃபிங்கர் என்ற சேவை. யார் யார் கணினியில் இருக்கிறார்கள் என்று சொல்லும் சின்ன நிரல் அது. வரும் வரியை வாங்க அதில் 512 எழுத்துக்கு இடம் ஒதுக்கி, 'கெட்ஸ்' என்ற செயற்கூறைக் கூப்பிட்டிருந்தார்கள். கெட்ஸுக்கு அளவு சொல்ல வழியே கிடையாது. வருவதை எல்லாம் வாங்கிக்கொள்ளும். புழு அனுப்பியது 536 எழுத்து. அந்த 24 எழுத்து வழிந்ததில்தான் கதவு திறந்தது. அந்த மாதமே, இப்படிப்பட்ட தாக்குதல்களைக் கையாள்வதற்கென்று, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் அமைப்பு தொடங்கப்பட்டது. கெட்ஸை சி மொழியின் தரத்திலிருந்து நீக்கியது 2011-இல். புழுவுக்குப் பிறகும் இருபத்து மூன்று வருஷம் அது புத்தகத்தில் இருந்தது. கோவில்பட்டியில் நான் படித்த கல்லூரியிலும் முதல் பாடத்தில் கெட்ஸ்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் வெள்ளந்தியாக எழுதிக் கொடுத்து மதிப்பெண் வாங்கினேன்.

லின்ட் பொறுக்கியது பிசிறு. பாதுகாப்புக்கென்றே கருவிகள் வந்தது இரண்டாயிரத்தை ஒட்டித்தான். ஐடிஎஸ்4 என்ற கருவி 2000-இல் வந்தது. ஃப்ளாஃபைண்டர், ராட்ஸ் என்ற இரண்டும் 2001-இல் வந்தன. இவை பார்த்தது சொற்களை மட்டும். கெட்ஸ், ஸ்ட்ரிங்காப்பி என்று ஆபத்தான பெயர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, நிரலில் எங்கே அந்தப் பெயர் தென்பட்டாலும் சத்தம் போடும். ஆபீஸ் வாசலில் பையைத் திறந்து தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்க்கும் வாட்ச்மேனின் சோதனை மாதிரி. அந்தச் சோதனை அவசியம்தான். ஆனால் உள்ளே கலக்கும் மருந்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இந்தக் கருவிகளுக்கும் அடக்கும் குறிப்பு இருந்தது. வரியின் ஓரத்தில் கருவியின் பெயரைப் போட்டு 'கண்டுகொள்ளாதே' என்று எழுதினால் போதும். காரணம் எழுதச் சொல்லி அது கேட்பதில்லை.

அதே 2000-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் டேவிட் வாக்னரும் நண்பர்களும் வேறு வழியில் போனார்கள். எழுத்துச்சரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டே எண்கள்: ஒதுக்கிய இடம் எவ்வளவு, அதில் விழக்கூடிய நீளம் எவ்வளவு. நிரல் முழுக்க இந்த இரண்டு எண்களின் எல்லைகளை மட்டும் கணக்கிட்டு, நீளம் இடத்தைத் தாண்ட வாய்ப்பிருந்தால் சொல்லு என்றார்கள். பெயரைப் பார்ப்பதிலிருந்து அளவைப் பார்ப்பதற்கு இந்தத் தொழில் நகர்ந்தது இங்கேதான். பட்டாசு ஆபீஸில் அப்பா பார்த்ததும் அளவைத்தான்.

இந்த இடத்தில் கிண்டி வருகிறது. ஸ்ரீராம் ராஜமணி கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். பிறகு அமெரிக்காவில் படிப்பை முடித்து மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே தாமஸ் பாலும் அவரும் சேர்ந்து ஸ்லாம் என்ற கருவியைக் கட்டினார்கள். விண்டோஸ் நீலத் திரை காட்டி நிற்பதற்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தவை, அச்சு எந்திரம், ஒலி அட்டை போன்றவற்றை இயக்கும் டிரைவர்கள். அவை பெரும்பாலும் சி மொழியில் எழுதியவை. பூட்டியதை மறுபடி பூட்டக்கூடாது, பூட்டாததைத் திறக்கக்கூடாது என்பது போன்ற விதிகளை டிரைவர் எங்கேயாவது மீறுகிறதா என்று ஸ்லாம் தேடியது.

அது தேடிய விதம்தான் அழகு. முதலில் நிரலை ஆம், இல்லை என்ற பதில்கள் மட்டும் இருக்கிற எளிய வடிவுக்குச் சுருக்கிக்கொள்ளும். அந்தச் சுருக்கத்தில் விதி மீறும் பாதை ஒன்று தட்டுப்பட்டால் உடனே சத்தம் போடாது. உண்மையான நிரலில் அந்தப் பாதையில் நடக்க முடியுமா என்று பார்க்கும். முடியாது என்றால், ஏன் முடியாது என்று தன்னையே கேட்டு, அந்தக் காரணத்தைப் புதிய கேள்வியாகச் சேர்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தேடும். பொய் எச்சரிக்கையை ஆள் அடக்க வேண்டியதில்லை, கருவியே அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. பின்னாளில் இது டிரைவர் எழுதுகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் கருவித் தொகுப்பிலேயே சேர்ந்தது. ராஜமணி பிறகு பெங்களூரு ஆய்வுக்கூடத்துக்கே தலைமைப் பொறுப்பில் வந்தார். எங்கள் வேலையில் சேரும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது கிண்டி என்ற பெயர் வந்ததும் அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் வேறு இடங்களிலும் இது வேரூன்றியது. புனேயில் டாட்டா நிறுவனம் 1981-இல் தொடங்கிய டிஆர்டிடிசி ஆய்வு மையத்தில், சாதனங்களுக்குள் ஓடும் சி நிரல்களைச் சரிபார்க்கும் வேலை நடந்தது. மும்பை ஐஐடியில் உதய் கேத்கர், நிரலுக்குள் தகவல் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்ற ஆய்வையே ஒரு தலைமுறை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சக ஆசிரியர்களோடு அவர் எழுதிய புத்தகம் 2009-இல் வந்தது. என் பிரதியின் அட்டை எப்போதோ பிய்ந்துவிட்டது.

ஸ்டான்ஃபோர்டில் டாசன் எங்லர் குழு எடுத்த வழி இன்னும் நேரடியானது. 2002-இல் எங்லரும் அவர் மாணவர் கென் ஆஷ்கிராஃப்ட்டும் லினக்ஸ், ஓப்பன்பிஎஸ்டி என்ற இரண்டு இயங்குதளங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பாதுகாப்புக் குறைகளைக் காட்டினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வெளியாள் கொடுத்த எண்ணைச் சோதிக்காமல் எங்கேயாவது பயன்படுத்துகிறோமா? புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வகையை நான் காகிதத்தில் எழுதிக் காட்டுவேன். பெட்டியில் 256 எழுத்து கொள்ளும். வெளியிலிருந்து ஒரு நீளம் வருகிறது. 'நீளம் 256-க்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பு' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு அடுத்த வரி, அந்த நீளத்துக்கு எழுத்துகளை நகலெடுக்கிறது. தப்பு எங்கே என்று கேட்பேன். பாதிப் பேர் தப்பே இல்லை என்பார்கள். சோதனைதான் இருக்கிறதே. நான் நீளத்துக்கு -1 என்று எழுதுவேன். -1 என்பது 256-க்கு மேல் இல்லை, அதனால் சோதனையைத் தாண்டிவிடும். நகலெடுக்கும் செயற்கூறுக்கோ எதிர்மறை எண் தெரியாது. 32 பிட்டில் -1-இன் வடிவத்தை அது 4,29,49,67,295 என்று படிக்கும். நானூறு கோடிக்கும் மேலான எழுத்துகளை 256 எழுத்துப் பெட்டியில் கொட்டத் தொடங்கும். மேல் எல்லையைப் பார்த்தவர் கீழ் எல்லையைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் தப்பு. காகிதத்தை அப்படியே அவர்கள் மேசையில் விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

எங்லரின் குழு கோவெரிட்டி என்ற நிறுவனமானது. 2004 டிசம்பரில் லினக்ஸ் கருவின் 57 லட்சம் வரிகளில் 985 குறைகள் கண்டதாக அவர்கள் வெளியிட்டார்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, விற்பனைக்குப் போனபோது பட்ட அனுபவத்தை 2010-இல் அவர்கள் எழுதிய கட்டுரை. பொய் எச்சரிக்கை நூற்றுக்கு முப்பதைத் தாண்டினால், மக்கள் கருவியையே கண்டுகொள்வதில்லை. விளக்கம் புரியாத எச்சரிக்கையையும் பொய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அது மெய்யாக இருந்தாலும். அதனால் கண்டுபிடிக்க முடிகிற சில குறைகளைக்கூட அவர்கள் வேண்டுமென்றே தேடாமல் விட்டார்கள். சொன்னால் கேட்கிறவருக்கு விளங்காது என்பதுதான் காரணம். நிரலை மட்டும் படிக்கத் தெரிந்தால் போதும் என்று நம்பியிருந்த எனக்கு, கேட்கிறவர் மனத்தையும் படிக்க வேண்டும் என்று சொன்ன முதல் எழுத்து அதுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு நேரெதிர்த் திசையில் நின்றார்கள். பத்ரிக் கூசோவும் ராதியா கூசோவும் 1977-இல் அமைத்த கணிதத்தின் மேல் கட்டிய ஆஸ்ட்ரே என்ற கருவி, 2003 நவம்பரில் ஏர்பஸ் ஏ340 விமானத்தின் 1,32,000 வரிச் சி நிரலில் ஓட்டநேரப் பிழை ஒன்றுகூட வராது என்று நிறுவியது. ஒன்றையும் தவறவிடாத கருவி. ஆனால் அந்த ஒரு வகை நிரலுக்காகவே பல வருஷம் இழைத்து இழைத்துப் பொய் எச்சரிக்கைகளைக் குறைத்தார்கள். எல்லா நிரலுக்கும் அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. வண்டிகளின் உலகம் நடுவழியில் போனது. 1998-இல் மிஸ்ரா என்ற பெயரில் 127 விதிகள் வந்தன. விதியை மீறலாம், ஆனால் ஏன் மீறினாய் என்று எழுதிவைக்க வேண்டும். என் சோறு அந்த விதிகளில்தான் இருக்கிறது. அடக்கும் குறிப்புக்குக் காரணம் கேட்ட ஏற்பாட்டை நான் முதலில் சந்தித்தது அங்கேதான்.

காரணம் கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு டெபியன் கதையைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 2006-இல் நடந்தது. எச்சரித்தவை ஓடும் நிரலைக் கவனிக்கும் கருவிகள், வால்கிரைண்டும் பியூரிஃபையும். எங்கள் வகைக் கருவிகள் இல்லை. ஆனால் பாடம் எங்களுடையதுதான். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நூலகத்தில், சாவி உண்டாக்கத் தேவைப்படும் கணிக்க முடியாத எண்களைக் கடையும் பகுதி ஒன்று உண்டு. மதிப்பு வைக்காத நினைவகத்தைப் பயன்படுத்துகிறாய் என்று கருவிகள் முறையிட்டன. டெபியன் லினக்ஸுக்காக அதைப் பராமரித்தவர் எச்சரிக்கை நிற்பதற்காக இரண்டு வரிகளை எடுத்துவிட்டார். அதில் ஒரு வரி போனதால் பெரிய நட்டம் இல்லை. மற்ற வரிதான் வெளியிலிருந்து திரட்டிய கணிக்க முடியாத தகவலை எல்லாம் கலவைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. அது போனதும் கலவையில் மிஞ்சியது ஓடும் நிரலின் வரிசை எண் ஒன்றுதான். அந்த எண் 32,768-ஐத் தாண்டாது. எண்ணிலடங்காத சாவிகள் இருக்க வேண்டிய இடத்தில் முப்பதாயிரத்துச் சொச்சம் சாவிகள். எச்சரிக்கை நின்றுவிட்டது. 2008 மே 13 அன்று லூசியானோ பெல்லோ கண்டுபிடித்தது வெளியே வரும்வரை, ஏறக்குறைய இரண்டு வருஷம், உலகெங்கும் அந்தக் கணினிகள் அதே சாவிகளால் பூட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பராமரிப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை கண்ணில் படும்போது அதை நிறுத்திவிட வேண்டும் என்று கை துடிப்பது எனக்கும் தெரியும்.

2014 இரண்டு பாடங்களைக் கொடுத்தது. பிப்ரவரியில் ஆப்பிள் நிரலில் ஒரு வரி இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது: 'தோல்விக்குப் போ' என்ற வரி. முதல் வரி ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது, அதற்குக் கீழிருந்த கையெழுத்துச் சோதனைக்கு ஓட்டம் போய்ச் சேரவே இல்லை. சேர முடியாத வரியைக் காட்டுவது 1978-இல் லின்ட் செய்த வேலை. ஆனால் புதிய கம்பைலர்களில் அந்த எச்சரிக்கையைத் தனியாகக் கேட்டால்தான் கிடைக்கும். அதிகம் சத்தம் போடுகிறது என்று அணைத்துவைத்திருந்தார்கள்.

ஏப்ரல் 7 அன்று ஹார்ட்ப்ளீட். மறுபடியும் ஓப்பன்எஸ்எஸ்எல். 'நீ உயிரோடு இருக்கிறாயா, இருந்தால் இந்தச் சொல்லைத் திருப்பிச் சொல், இதில் இத்தனை எழுத்து' என்று ஒரு கணினி இன்னொன்றைக் கேட்கும். மூன்றெழுத்துச் சொல்லை அனுப்பிவிட்டு அறுபதாயிரம் எழுத்து என்று பொய் சொன்னால், மற்ற கணினி அதை நம்பித் தன் நினைவகத்தில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொல், சாவி, யாரோ சற்றுமுன் எழுதிய கடிதம். முந்தைய நாள் மருந்து மீந்து கிடந்த அறை எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த நிரலைப் பல கருவிகள் பல தடவை படித்திருந்தன, ஒன்றும் சொல்லவில்லை. அந்த எண் வெளியாளிடமிருந்து வந்தது என்பதைத் தொடர்ந்து போய்க் கண்டுபிடிக்க அவற்றால் முடியவில்லை. எல்லா எண்ணையும் சந்தேகப்பட்டால் பொய் எச்சரிக்கை மலையாகும். கோவெரிட்டிக்காரர்கள் பிறகு ஒரு குறுக்குவழி பிடித்தார்கள். வலையிலிருந்து வரும் எண்ணின் பைட்டுகளை வரிசைப்படுத்திச் சேர்ப்பதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. அப்படிச் சேர்க்கப்படும் எண் எதுவானாலும் வெளியிலிருந்து வந்தது என்று கொள் என்றார்கள். சந்தேகத்துக்கு ஒரு நல்ல அடையாளம் கிடைத்ததும் ஹார்ட்ப்ளீட் வரியில் எச்சரிக்கை எழுந்தது.

எச்சரிக்கை எழுந்த பிறகு என்ன ஆகிறது என்பது வேறு கேள்வி. 2012 செப்டம்பர் 5-ஐ எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று செய்திகள் வந்தன. அதாவது யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார், எழுதியிருக்கிறார். அன்று ராத்திரி அப்பாவோடு போனில் பேசினேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எழுதி வெச்சா மட்டும் போதாது தாயி, எழுதினத யாராச்சும் படிக்கணும்" என்றார். அவர் ஓய்வு பெற்று அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது.

போன வருஷம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் என் மேசைக்கு வந்தான். "அக்கா, இந்தக் குறிப்புல இருக்கற இனிஷியல் உங்களுதா?" 2009-இல் நான் எழுதிய அடக்கும் குறிப்பு. காரணத்தோடுதான் எழுதியிருந்தேன்: இந்தச் செயற்கூறைக் கூப்பிடுவது ஓர் இடத்திலிருந்து மட்டும், அங்கே நீளம் 48-ஐத் தாண்டாது, இங்கே 64 கொள்ளும், ஆகவே ஆபத்தில்லை. அன்றைக்கு அதில் ஒவ்வொரு சொல்லும் சரி. பையன் திரையை என் பக்கம் திருப்பினான். நடுவில் எப்போதோ நினைவகத்தை மிச்சப்படுத்த 64-ஐ 40 ஆக்கியிருந்தார்கள். கூப்பிடும் இடங்கள் மூன்றாகியிருந்தன. நான் எழுதிய காரணம் அப்படியே அங்கே இருந்தது, அது காவல் காத்த நிரல்தான் மாறிப்போயிருந்தது. கருவி என் பெயரைப் பார்த்து இத்தனை வருஷமும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது.

அவன் முன்னாலேயே அந்தக் குறிப்பை அழித்து, கருவியை மறுபடி ஓட்டினேன். 2009-இல் வந்த அதே எச்சரிக்கை, முன்பு இருந்த வரிக்குக் கொஞ்சம் கீழே, மறுபடி வந்தது. நீளத்தைச் சோதிக்கும் இரண்டு வரிகளை அவன் எழுதினான், நான் படித்துக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அந்தத் தொகுப்பு முழுவதிலும் என் இனிஷியலைத் தேடச் சொன்னேன். இன்னும் 61 குறிப்புகள் இருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு அவனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, முதல் குறிப்பைத் திறந்தேன்.